நாலாக மடித்த துணி

அவருடைய சட்டைப்பையில், பேனாவுக்குப் பின்னால், ஒரு துணி இருக்கும். பழைய மல் வேட்டியிலிருந்து கிழித்து, ஓரம் அடித்து, நாலாக மடித்தது. கைக்குட்டை என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் வரும். கைக்குட்டை வேறு பையில் தனியாக வைத்திருந்தார். பதினாலு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒருமுறைகூட அவர் பை மாற்றிக் கைவிட்டுப் பார்த்ததில்லை.

குளத்தூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப்பள்ளி அது. நாங்கள் இரண்டு பேரும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் சயின்ஸ் வாத்தியார், நான் டிராயிங் மாஸ்டர். அவர் ஒல்லி, மாநிறம், இடது காலில் லேசான விந்தல். வேகமாக நடந்தால் அது தெரியாது என்பதால் எப்போதும் வேகமாகத்தான் நடப்பார்.

அந்தத் துணி தண்ணீர் வடிகட்ட. யார் எங்கே தண்ணீர் கொடுத்தாலும் முதலில் டம்ளரின் வாயில் துணியை விரிப்பார். நடுவில் விரலால் ஒரு குழி விடுவார். மெதுவாகத் தண்ணீரை ஊற்றுவார். குடித்து முடித்த பிறகு துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஏதாவது துள்ளினால் அதைச் சுடுகிற தரையில் உதறுவார். துள்ளாவிட்டாலும் உதறுவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்:

“இருந்தாலும் இருக்கும்.”

டீக்கடையிலும் இதே கதை. கடைக்காரர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்: “கொதிக்கக் கொதிக்க ஆத்திக் குடுக்குறேன், அதையும் வடிகட்டுறீங்களே சார், ஞாயமா?”

“கொதிச்சது டீங்க. கிளாஸ் கழுவுன தண்ணி கொதிக்கலையே” என்றார் அவர்.

பேச்சிலும் எழுத்திலும் இதே குணம். அவருடைய லீவ் லெட்டரை ஹெட்மாஸ்டர் என்னிடம் காட்டிச் சிரித்திருக்கிறார். ‘காய்ச்சல். நாளை வர இயலாது.’ அவ்வளவுதான். ஐயாவும் இல்லை, பணிவும் இல்லை. கேட்டதற்கு, “மத்ததெல்லாம் கசடுங்க” என்றாராம். மாணவர்களின் விடைத்தாளில் தேவையில்லாத வார்த்தையையெல்லாம் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போவார். கடைசியில் எட்டுப் பக்கக் கட்டுரை எட்டு வரியாக நிற்கும். அந்த எட்டு வரிக்கு முழு மார்க்கும் போடுவார், அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் கணக்கு வாத்தியாருக்குக் குன்றாண்டார்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஊர். வேதக்காரக் குடும்பம். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இலை போட்டாயிற்று. அவருடைய அம்மா பளபளவென்று துலக்கிய செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இவர் பையில் கையை விட்டார். ‘இன்றைக்கு மட்டும் வேண்டாம்’ என்று கண்ணால் காட்டினேன். கவனிக்கவே இல்லை. துணியை விரித்து, குழி விட்டு, ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. “எங்க வீட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஆகாதுங்களா?” என்று கேட்டார். கணக்கு வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை வீட்டில் எத்தனை பேர் அவர்களிடம் எதற்காகத் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போயிருப்பார்கள் என்பது அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

இவர் எழுந்து நின்று வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். இடது ஆடுசதையில் மூன்று தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

“நரம்புச் சிலந்திங்க ஆத்தா. பன்னெண்டு வயசுல வந்துச்சு. எங்க ஊர் ஊருணித் தண்ணி, எங்க ஆத்தா கையால மோந்து குடுத்தது. புழுவைக் குச்சியில சுத்திச் சுத்தி எடுத்தாக. ஒண்ணு பாதியில அறுந்துபோச்சு. அதுலதான் கால் இப்படி ஆயிருச்சு. எங்க ஆத்தா குடுத்த தண்ணியையே இப்ப வடிகட்டாமக் குடிக்க மாட்டேன். ஒங்க தண்ணியை மட்டும் எப்படிங்க குடிப்பேன்?”

அதற்கு அந்த அம்மா கேட்டது இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது: “எந்தத் துணிங்க? எம்புட்டு மடிப்பு மடிக்கணும்?” இவர் தன் துணியைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் அவருக்கு விழுந்த கோழிக்கறியில் பாதிகூட எனக்கு விழவில்லை.

இப்படிப்பட்டவர்தான் கடலைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் வைக்கப் போகிறேன் என்றார்.

அதற்குக் காரணம் ஒரு அறை. எங்கள் பள்ளிக்கு சயின்ஸ் ரூம் என்று ஒன்று வந்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதுவரை ஆக்ஸிஜனையும் தவளையையும் கரும்பலகையில் வரைந்தே நடத்தினார். பெரும்பாலும் நான் வரைந்து கொடுத்தது. அறை கிடைத்ததும் கோடை லீவில் தானே வந்து வெள்ளையடித்தார். மனிதர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த அறைக்கு ஆசைப்பட்டார். பூட்டுச் சாவியைப் பூணூல்போல மார்பில் போட்டுக்கொண்டு திரிகிறார் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்தோம்.

பிறகு நெசவு வகுப்பு வந்தது. கைத்தொழில் கட்டாயம் என்று மேலிடத்து உத்தரவு. இரண்டு தறிகள் வந்து இறங்கி, வராந்தாவில் சாக்குப் போர்த்திக் கிடந்தன. வைக்க வேறு இடமில்லை. ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். “இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற ஆபீசர் பாத்துட்டு ரூமை யாருக்குன்னு சொல்லட்டும். என் தலையில போடாதீங்க” என்று சொல்லிவிட்டார்.

ஆபீசர் வருவதற்கு மூன்று மாதம் இருந்தது. அதற்குள் எந்தப் பள்ளியிலும் இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டும் என்று இவர் முடிவு செய்தார். “இந்தப் பக்கத்துப் புள்ளைக பாதிப்பேரு கடலைப் பாத்ததில்ல மாஸ்டர். அதைக் கொண்டாந்து வச்சா ரூமை எவன் கேப்பான்?”

அறையின் கிழக்குச் சுவரை ஒட்டி சிமெண்டுத் தொட்டி கட்டினார். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, விளிம்பில் தார். கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரியிடம் சொல்லிவைத்தார். டின்னில் கொண்டுவந்தால் தகரம் இறங்கும் என்று, தெருவில் காலியாக இருந்த ஊறுகாய் ஜாடிகளையெல்லாம் வாங்கிக் கொடுத்தனுப்பினார். வாராவாரம் பஸ்ஸின் மேல் ஜாடி ஜாடியாகக் கடல் வந்து இறங்கியது. கடலுக்குள் பாறைத் திட்டு இருக்கிற இடத்தைப் பார் என்பார்கள். அங்கே வலையில் மாட்டிய பவளக் கற்கள் வந்தன. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு நாலு வந்தது. ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு கடல் சாமந்தி ஐந்து வந்தன. பார்க்கப் பூ, ஆனால் பிராணி. இதழ் மாதிரி இருப்பது கை. அதை வரைய வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

வரைய முடிந்தால்தானே. ஜாடியில் பாசியும் தூசியுமாக வந்த கற்களையெல்லாம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத்தான் உள்ளே விட்டார். தண்ணீர்? தொட்டிக்கு மேலே மரத்தில் ஸ்டாண்டு அடித்து மூன்று பானை வைத்தார். பாடப்புத்தகத்தில் இருக்கிறதே, மேல் பானையில் கரி, நடுப் பானையில் மணல், கீழ்ப் பானையில் துணி, அதே மூன்று பானைதான். ஒவ்வொரு பீரியட் மணி அடித்ததும் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு மேல் பானையில் ஊற்ற வேண்டும். அது சொட்டிச் சொட்டித் திரும்பத் தொட்டிக்குள் விழும். அவருக்கு வகுப்பு இருந்தால் நான், எனக்கும் இருந்தால் பியூன். தொட்டித் தண்ணீர் கண்ணாடியே இல்லாததுபோல் தெளிந்து நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள்.

ஆனால் சாமந்தி விரியவில்லை. ஐந்தும் சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டிக்கொண்டு கிடந்தன. பவளக் கல் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு நண்டு செத்தது. இறால் துணுக்கைக் குச்சியில் குத்தி நீட்டினாலும் வாங்க மாட்டேன் என்றன. “தண்ணி இன்னும் சுத்தமாகணும்” என்று கீழ்ப் பானைத் துணியை நாலு மடிப்பிலிருந்து எட்டு மடிப்பாக்கினார். இன்னொரு நண்டும் செத்தது. மனிதர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். அவர் மனைவி என் மனைவியிடம் வந்து, “பூ விரியலைன்னு இவுக சோறு எறங்கமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நிலையில்தான் சரஸ்வதி பூஜை வந்தது.

எங்கள் பியூன் பூஜை விஷயத்தில் ரொம்பக் கறார். தொழில் செய்கிற எதையும் விடமாட்டார். பள்ளி மணியும் அதை அடிக்கிற கட்டையும், மேப் சுருள்கள், ஃபுட்பால் பம்ப், என் பிரஷ் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இவர் எட்டு மணிக்கு முதல் மொள்ளு மொள்ளலாம் என்று வந்தால், மூன்று பானைக்கும் பட்டையாகச் சந்தனம் பூசி, மேல் பானைக்குக் கதம்ப மாலையும் போட்டாயிற்று.

“தண்ணி ஊத்தணும், எடுங்க” என்றார் இவர்.

“படைச்ச சாமான்ல கை வைக்கக் கூடாதுங்க சார். நாளைக்கி மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்.”

“பானையையுமா படைப்பாங்க?”

“அதுவுந்தான் நாள் பூரா வேலை செய்யுது. அதுக்கு ஒருநாள் லீவு வேணாமா?”

இவர் ஹெட்மாஸ்டரிடம் போனார். ஹெட்மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமி விஷயம் சார், விட்ருங்க” என்றார். பியூன் கதவைப் பூட்டி, பூஜைக்கென்று முந்தின நாளே இவரிடம் வாங்கியிருந்த சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பொன்னமராவதியில் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். அடுத்த நாள் மறுபூஜைக்கு வரவேண்டியவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. இவர் இரண்டு நாளும் ஜன்னலைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்று எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

திங்கள் காலை கதவு திறக்கும்போது, நாற்றம் அடிக்கும் என்று துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு போனேன். நாற்றம் இல்லை. தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி லேசாகக் கலங்கியிருந்தது. தூசி மாதிரி என்னென்னவோ மிதந்தது. அதற்கு நடுவே ஐந்து சாமந்தியும் விரிந்திருந்தன. மங்கிய பழுப்பில் நூற்றுக்கணக்கான விரல்கள், ஒவ்வொரு விரல் நுனியிலும் கத்தரிப்பூ நிறம். தண்ணீரில் போகிற எதையோ தொட்டுத் தொட்டு வாய்க்குள் கொண்டுபோயின. நான் பிரஷ் பெட்டியின் குங்குமத்தைக்கூடத் துடைக்காமல் வரைய உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். முகம் இறுகிப்போயிருந்தது. “தற்செயலா இருக்கும்” என்றார். திரும்பவும் பானையில் ஊற்ற ஆரம்பித்தார். மறுநாள் ஐந்தும் மூடிக்கொண்டன. இரண்டு நாள் நிறுத்தினார். விரிந்தன. ஊற்றினார், மூடின. இப்படி மூன்று தடவை. ஒவ்வொன்றையும் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்தார். மொள்ளுகிற கலக்கம்தான் காரணமோ என்று, மொண்ட தண்ணீரைப் பானையில் விடாமல் அப்படியே தொட்டியில் ஊற்றியும் பார்த்தார். விரிந்தே இருந்தன. நான்காவது தடவை செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தன் இடது காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“நான் தட்டி எறிஞ்சதுதான் மாஸ்டர் இதுகளுக்குச் சோறு” என்றார். “கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொட்டு எல்லாத்தையும் வடிச்சு எடுத்துப்புட்டு, வெறுந் தண்ணியில பட்டினி போட்டுருக்கேன்.”

அன்றைக்கே பானைகளை இறக்கிப் பியூனிடம் கொடுத்துவிட்டார். புதிதாக வந்த பவளக் கல்லைப் பாசி, புழு, சேறு எல்லாவற்றோடும் அப்படியே உள்ளே வைத்தார். வைத்துவிட்டுக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். காற்றுக்கு மட்டும் சைக்கிள் பம்ப்பில் ரப்பர் குழாய் சொருகி பீரியடுக்குப் பத்துத் தடவை அடித்தார். ஒரு மாதத்தில் கண்ணாடியில் பச்சை படர்ந்தது. சிமெண்டுச் சுவரில் எங்கிருந்தோ குட்டிச் சாமந்தி ஒன்று முளைத்தது. பவளக் கல்லில், உற்றுப் பார்த்தால், எள் அளவு எள் அளவாக வாய்கள் திறந்து மூடின. ஆனால் ஆகா என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. வந்தவர்கள் குட்டை என்றார்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் மாலை ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார். “சார், நாளைக்கி ஒரு நாளைக்கு மட்டும் அந்த மூணு பானையை வச்சுப் பளிச்னு ஆக்கிருங்க.”

“மூடிக்கிரும்ங்க.”

“மூடுனா மூடிட்டுப் போகுது. அவரு பூவையா பாக்கப் போறாரு? தண்ணியைத்தான் பாப்பாரு.”

இவர் பம்ப்பை எடுத்துக் காற்று அடிக்க ஆரம்பித்தார். ஹெட்மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “ஒங்க சேக்காளிதானே, நீங்களாவது செய்யுங்க. ரூம் போச்சுன்னா மனுசன் ஒடஞ்சு போயிருவாரு” என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. இன்றைக்கும் பாதி மனசுக்குச் சரி என்றுதான் படுகிறது.

காலையில் ஏழு மணிக்கே போய், பெருக்குவதற்குப் பியூன் திறந்து வைத்திருந்த அறையில், அவரிடமே பானைகளை வாங்கி ஏற்றினேன். கரி கழுவிப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். செம்பைத் தண்ணீருக்குள் விட்டு மொள்ளப் போகிற சமயம் பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நடக்கிற சத்தம் கேட்கவில்லை. அன்றைக்கு மெதுவாக நடந்து வந்திருக்கிறார்.

“வேணாம் மாஸ்டர். எல்லாம் விரிஞ்சிருக்கு.”

“ரூம் போயிரும் சார்.”

“தெரியும்ங்க. இதுகளைப் பட்டினி போட்டுக் காமிச்சு ரூமை வாங்கிட்டேன்னு வைங்க. அந்த ரூமுக்குள்ள நின்னு நான் என்ன பாடம் நடத்துறது?”

செம்பைக் கீழே வைத்தேன். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெட்கமும் வந்தது.

ஆபீசர் பத்து மணிக்கு வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். “என்ன இது, சாக்கடையா?” என்றார்.

“கடல்ங்க.”

“மூணு பானை வடிகட்டி சிலபஸ்ல இருக்கே. நீங்கதானே நடத்துறீங்க?”

“நான்தாங்க. அது நாம குடிக்கிற தண்ணிக்கு. இதுல வடிகட்டுனா இதுக செத்துப்போகும்.” சாமந்தியைக் காட்டினார். ஆபீசர் குனியவில்லை. நல்ல வெயில் நேரம் அது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார். பியூன் கூஜாவையும் டம்ளரையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

அப்போது அது நடந்தது. எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை; அவரை அறிந்த நாங்கள்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் பையிலிருந்து துணியை எடுத்து, ஆபீசரின் டம்ளர் வாயில் விரித்து, விரலால் குழி விட்டு, கூஜாத் தண்ணீரைப் பொறுமையாக ஊற்றினார்.

ஆபீசரின் முகம் சிவந்தது. “இதுக்கு மட்டும் வடிகட்டத் தெரியுதா?” தன்னைப் பரிகாசம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார். “இருந்தாலும் இருக்கும்ங்க” என்றார் இவர், உண்மையான அக்கறையோடு. அந்தத் தண்ணீரை ஆபீசர் குடிக்கவில்லை.

விசிட் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினார். தொட்டி சுகாதாரக் கேடாக உள்ளது. அறையை நெசவு வகுப்புக்கு ஒதுக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் ஆளுக்கு இரண்டு ஜாடியோடு கோட்டைப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினோம். மீன் வியாபாரி படகு ஏற்பாடு செய்திருந்தார். பார் இருக்கிற இடத்தில் இவர் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தண்ணீருக்குள் கை எட்டும் மட்டும் இறக்கி விட்டார். திரும்பும்போது நாலு ஜாடியும் காலி. சாவியைச் சனிக்கிழமையே ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்துவிட்டிருந்தார்.

சயின்ஸ் திரும்பவும் கரும்பலகைக்கு வந்தது. நான் வரைந்து கொடுத்தேன். அந்த அறைப் பக்கம் அவர் போகவே இல்லை. ஸ்டாஃப் ரூமுக்குக் குறுக்கு வழி அதுதான். மைதானத்தைச் சுற்றி வருவார்.

ஒரு வருஷம் போயிருக்கும். நெசவு வகுப்பின் முதல் துண்டுகள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தன. எல்லோரும் ஆளுக்கு ஒன்று தோளில் போட்டுப் பார்த்தோம். இவர் தன் துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஊருணித் தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவரச் சொல்லி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அந்த அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“இதைவிட நெருக்கமா நெய்ய வருமாங்க?” என்று நெசவு வாத்தியாரிடம் கேட்டார்.

“துண்டுக்கு இது போதுமே சார்.”

“துண்டுக்கு இல்லைங்க. பள்ளிக்கூடத்துல இருக்கிற புள்ளைக அத்தனை பேரு வீட்டுக்கும் ஒரு சதுரம் வேணும்.” செம்புத் தண்ணீரைத் துண்டின் வழியாக ஊற்றிக் காட்டினார். அடியில் நின்ற தண்ணீரில் இரண்டு புள்ளிகள் துள்ளின. “பாருங்க, தப்பிச்சு வந்துருச்சு.”

நெசவு வாத்தியார் இளைஞர், ரோஷக்காரர். மூன்று நாள் பாவு நூலை மாற்றி மாற்றி நெய்தார். மூன்றாம் நாள் நெய்த துணியில் ஒன்றும் தப்பவில்லை. இவர் துணியை வெயிலில் பிடித்துப் பார்த்து, “இது சரி” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்கிய சந்தோஷத்தில் நெசவு வாத்தியார் பேச்சை வளர்த்தார்.

“சார், ஒண்ணு கேக்கணும். இந்தக் கெழக்குச் சுவத்துக்கு எத்தனை தடவை சுண்ணாம்பு அடிச்சாலும் நிக்க மாட்டேங்குது. பூத்துப் பூத்து உதிருது. என்னான்னு தெரியல.”

இவர் திரும்பினார். தறிக்குப் பின்னால், தொட்டி இருந்த இடத்தில், முட்டளவு உயரத்துக்குச் சுவர் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. கிட்டே போய்க் குனிந்து உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். பிறகு, எதையும் வடிகட்டாமல் வாயில் வைக்காத அந்த மனிதர், ஆட்காட்டி விரலை அப்படியே நாக்கில் வைத்தார்.

“உப்புங்க” என்றார்.

துணியை நாலாக மடித்துப் பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மணி அடிப்பதற்குள் வகுப்புக்குப் போக வேண்டும் என்று, வேகமாக நடந்து போனார்.